எல்லைக்கோட்டில் நிற்கும் வைட்டமின் அளவு: மருந்து எப்போது தேவை?

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் நிலக்கோட்டை போன்ற ஊர்களையும் எட்டிவிட்டன. வைட்டமின் அளவு தடித்த எழுத்தில் குறிக்கப்பட்ட அறிக்கையுடன் மருத்துவரிடம் வருவோருள் சிலருக்கு மருந்து எழுதப்படுகிறது. அதே அளவுள்ள வேறு சிலர் மருந்தின்றி அனுப்பப்படுகின்றனர். இது முரண்பாடு அன்று. எல்லைக்கோட்டு நிலையில் மருத்துவர் எண்ணைவிட ஆளையே நோக்குகிறார்.

வைட்டமின் பி12

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் பி12 அளவு 200 பிகோகிராமுக்குக் கீழ் இருப்பின் பொதுவாகக் குறைபாடு எனக் கொள்ளப்படும். 200 முதல் 300 வரை ஐயத்திற்குரிய நிலை.

நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்பார்மின் உட்கொள்ளும் ஒருவரின் அளவு 240 என்று வைத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே பெறுவோர் இவ்வட்டாரத்திலும் உள்ளனர். மெட்பார்மின் நல்ல மருந்து. எனினும் நீண்டகாலப் பயன்பாட்டில் பி12 உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கக்கூடும். பாதம் மரத்துப்போதல், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, நடையில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் ‘சர்க்கரையால் வந்தது’ என்று குடும்பத்தார் ஒதுக்கிவிடுவர். பி12 குறைபாட்டாலும் இவையே தோன்றும். கவனியாது விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். ஆகவே இத்தகையவருக்கு மருத்துவர் தயங்காமல் சிகிச்சை தொடங்குவார். நரம்பு அறிகுறிகள் தெளிவாக இருப்பின் ஊசியாகவே தருவார். மெட்பார்மினைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றை அறவே தவிர்ப்போர், இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர் ஆகியோரிடமும் இதே எச்சரிக்கை காட்டப்படும். (பழைய சோற்றுநீரில் பி12 நிறைந்துள்ளது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, குறைபாட்டை ஈடுசெய்ய அதனை நம்பியிருத்தல் இயலாது.) அறிகுறியோ காரணமோ இல்லாதவருக்கு உணவைச் சீர்செய்து, சில மாதங்களில் மறுசோதனை செய்வதே பெரும்பாலும் போதுமானது.

இரத்தசோகைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொள்வதில் ஓர் இடர் உண்டு. இரத்தம் தேறிவிடும், பி12 குறைவால் நேரும் நரம்புச் சேதமோ மறைவாகத் தொடரும்.

வைட்டமின் டி

மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழ் குறைபாடு. 12 முதல் 20 வரை இடைநிலை. 20க்கு மேல் பெரும்பாலோருக்குப் போதுமானது. பல ஆய்வகங்கள் 30ஐ எல்லையாக அச்சிடுவதால் 24 உள்ளவரும் நோயாளியாகத் தோன்றுகிறார். 2011இல் அந்த அளவைப் பரிந்துரைத்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அதனைக் கைவிட்டது. நலமுடன் உள்ளோருக்கு இச்சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்றும் அது கூறியது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடைபெற்ற ‘வைட்டல்’ ஆய்விலும், பொதுவாக நலமுடன் இருந்தோர்க்கு வைட்டமின் டி மாத்திரையால் புற்றுநோய், மாரடைப்பு, எலும்புமுறிவு ஆகியவை குறையவில்லை.

வெயில் மிகுந்த ஊரில் குறைபாடு ஏன் என வினவலாம். விடியற்காலையில் மல்லிகை பறிப்போர் மீது படும் ஒளியில், தோலில் இவ்வைட்டமினை உருவாக்கும் கதிர்கள் மிகக் குறைவு. முற்பகல் 11 மணிக்கு மேல்தான் அவை வலுப்பெறுகின்றன. அந்நேரத்தில் நிழலை நாடுவது இயல்பே.

எலும்பு வலி, உட்கார்ந்து எழ இயலாத தசைத் தளர்ச்சி, முன்னர் நேர்ந்த எலும்புமுறிவு, வலிப்பு மருந்துகள், சிறுநீரக நோய், வீட்டிலேயே முடங்கிய முதுமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் இடைநிலை அளவுக்கே மருந்து தரப்படலாம். வாரம் ஒருமுறை உட்கொள்ளும் 60,000 அலகு மருந்து குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்கி உட்கொண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து மிகுந்து, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு ஏற்படக்கூடும்.

மருத்துவரிடம் செல்லும்போது

உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், ‘சத்து மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’ உட்பட, எடுத்துச் செல்லவும். அவற்றுள் பி12 இருப்பின் சோதனையில் அளவு உயர்ந்து தோன்றும். இரத்தம் கொடுத்த பின்னரே புதிய மாத்திரையைத் தொடங்க வேண்டும்.