சொல்லோடு போகும் குணம்

பேச்சை மெல்லப் பறிக்கும் மூளைத் தேய்வு, எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கும் திறனையும் பறிக்கிறது. வீட்டார் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். ஊரில் தாயார் இறந்த செய்தி வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விருப்ப ஓய்வு பெற்ற கணவருக்கு வயது 58. உள்ளே வருகிறார். மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். "எட்டாச்சு. டிபன்?" என்கிறார்.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதையல்ல. ஒரு வகை மூளைத் தேய்வு நுழைந்த பல வீடுகளில் நடப்பதன் சாரம். ஆனால் இந்தக் குடும்பங்கள் மருத்துவரிடம் போவது இதற்காக அல்ல, பேச்சுக்காக. மனிதர் பெயர்களைத் தேடித் தடுமாறுகிறார். எல்லாவற்றுக்கும் 'அது, அந்தச் சாமான்' என்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் 'முருங்கைக்காய் என்றால் என்ன?' என்று நிஜமாகவே கேட்கிறார். டிபன் விவகாரத்தை வெளியே சொல்ல மனைவிக்குக் கூச்சம். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர் கல்நெஞ்சக்காரராகிவிட்டார் என்று ஒரு அந்நியரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே நோயின் வேலை.

நோயின் மருத்துவப் பெயர் பிரைமரி புரோகிரெசிவ் அஃபேஸியா. பக்கவாதத்தில் பேச்சு ஒரே நாளில் போகிறது. இதில் வருடக்கணக்கில் கரைகிறது. பேச்சு குன்றிவந்த ஒரு நோயாளியின் மூளையில் இடது பக்கப் பொட்டுமடல் சுருங்கியிருந்ததை பிராக் நகர மருத்துவர் ஆர்னால்டு பிக் 1892லேயே எழுதிவைத்தார். பிறகு வெகுகாலம் இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வரவில்லை. 1982ல் மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் நிபுணர் 6 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பேச்சு மட்டும் தேய்ந்துகொண்டே போக, மற்ற அறிவுத் திறன்கள் பல வருடங்கள் பெரிதாகக் கெடாமல் இருந்தவர்கள் அவர்கள். இன்று வழங்கும் பெயர் 1987ல் வந்தது. பொதுமக்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஹாலிவுட்தான். நடிகர் புரூஸ் வில்லிஸுக்குப் பேச்சிழப்பு நோய் என்று 2022 மார்ச்சில் அவரது குடும்பம் அறிவித்தது. ஒரு வருடம் முடிவதற்குள், 2023 பிப்ரவரியில், அது மூளையின் முன்மடலையும் பொட்டுமடலையும் தாக்கும் ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று மறுபடியும் அறிவிக்க வேண்டியிருந்தது.

2011ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று இந்த நோயை 3 வகையாகப் பிரித்தது. வாக்கியம் உடைந்து, வார்த்தை வாயில் திக்குவது ஒன்று. சொல் நுனி நாக்கில் நின்று வராமல் போவது மற்றொன்று. இதன் பின்னணியில் பெரும்பாலும் அல்சைமர் இருக்கிறது. மூன்றாவது விசித்திரமானது. பேச்சு சரளமாக வரும், இலக்கணமும் பிசகாது. ஆனால் சொல்லின் பொருள் அழிந்துகொண்டே போகும். முருங்கைக்காய் என்றால் என்ன என்று கேட்பவர் இந்த வகை. முகம் படிக்கும் திறன் மிக மோசமாக அடிபடுவதும் இங்கேதான்.

இடது பொட்டுமடலின் முன்முனை சொற்பொருளுக்கு முக்கியமான இடம். நோய் அங்கே தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. அடுத்த வீடு அமிக்டலா. பாதாம் பருப்பு அளவுள்ள அந்தப் பகுதிக்கு அச்சம் போன்ற உணர்ச்சிகளில் பெரிய பங்கு உண்டு. மெல்ல மெல்ல வலது பொட்டுமடலுக்கும் தேய்வு பரவுகிறது. முகங்களை அடையாளம் காண்பது, பிறர் மனநிலையை ஊகிப்பது, இரக்கம் கொள்வது எல்லாம் பெரிதும் அந்தப் பக்கத்தை நம்பியிருப்பவை. சிலருக்கு நோய் வலது பக்கத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. அவர்களுக்குக் குணம் முதலில் போகும், சொல் பிறகு போகும். மனநோய் என்று முத்திரை குத்தப்பட்டு, தவறான சிகிச்சையில் வருடங்களைத் தொலைப்பவர்களில் இவர்கள் நிறைய.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1970களில் தொகுத்த முகப் படங்கள்தான் பல ஆய்வுகளின் ஆதாரம். மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு என்று 6 உணர்ச்சிகள். (தொல்காப்பியம் 8 மெய்ப்பாடுகள் சொல்கிறது. அதில் பெருமிதமும் உண்டு. எக்மனின் பட்டியலில் அதற்கு இடமில்லை.) சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பொட்டுமடல் தேய்ந்த நோயாளிகள் மகிழ்ச்சியை ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். தடுமாறியது துயரம், கோபம், அச்சம் ஆகியவற்றில்தான். வீட்டில் இதன் விளைவு விபரீதமானது. பேரக் குழந்தை சிரித்தால் தாத்தாவும் சிரிப்பார், அழுதால் பேசாமல் இருப்பார். 'நல்லாத்தானே இருக்கார், வேணும்னே பண்றார்' என்ற சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது.

உணர்ச்சியை இன்னும் பளிச்சென்று காட்டினால் புரியாதா? சிட்னியில் அதையும் சோதித்தார்கள். 2011ல் வெளியான அந்த ஆய்வில் முகபாவங்களைக் கேலிச்சித்திரம்போல மிகைப்படுத்திக் காட்டினார்கள். வார்த்தை திக்கும் வகையினருக்கு அது உதவியது. பொருள் அழியும் வகையினருக்கு உதவவில்லை. அவர்களுக்குக் கவனக் குறைவு அல்ல, உணர்ச்சியை அறியும் திறனே பழுது. ஓங்கி அழுதாலும் பயனில்லை என்று மனைவிக்கு யாராவது சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நின்றிருக்கும். திக்கிப் பேசுபவர்களும் முழுக்கத் தப்பவில்லை. குரலில் உள்ள உணர்ச்சியைப் பிரித்தறிவதில் அவர்களும் தடுமாறுவதாக 2012ல் லண்டன் குழு ஒன்று எழுதியது. 'சரி, போங்க' என்பது சம்மதமா, கோபமா? தொனியை வைத்தே குடும்பம் நடத்தும் நம் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல.

மற்ற மாற்றங்களையும் வீட்டார் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். திடீர் இனிப்பு வெறி. தினம் அதே நேரம், அதே பாதை, அதே நாற்காலி. யாரோ தடுக்கி விழுந்ததைப் பார்த்துச் சிரிப்பது. நகைச்சுவை உணர்வு மாறியதை, நோய் கண்டறியப்படுவதற்குப் பல வருடங்கள் முன்பே கவனித்ததாக உறவினர்கள் லண்டன் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பராமரிப்பவரை உடைப்பது பெரும்பாலும் பேச்சு போவதைவிட இந்தக் குண மாற்றம்தான்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக 2023ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பேச்சிழப்பு வகை இதில் சிறு பகுதிதான். ஆனால் அது பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில், சம்பாதிக்கும் வயதில் ஆரம்பிக்கிறது. எனவே பலர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அறிவுத்திறன் சோதனைத் தொகுப்பு ஒன்றை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய 5 மொழிகளில் உருவாக்கியது பெரிய காரியம். அந்த முதல் வரிசையில் தமிழ் இல்லை என்பது நம் வருத்தம். முகபாவத்துக்கும் நம்மிடம் சொந்தக் கருவி உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸில் இந்திய நடிகர்களை வைத்தே படங்களும் வீடியோக்களும் எடுத்து 2008ல் 'டிரெண்ட்ஸ்' என்ற சோதனையை வெளியிட்டார்கள். ஆனால் அது முக்கியமாகப் பயன்பட்டது மனச்சிதைவு நோய் ஆராய்ச்சியில். சாதாரண மருத்துவமனையில் இன்று என்ன தேதி, 100லிருந்து 7ஐக் கழி, 3 சொற்களை நினைவில் வை என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது. நம் ஓய்வு பெற்ற மனிதர் தேதியைச் சரியாகவே சொல்லிவிடுவார்.

நோயை நிறுத்த மருந்து இல்லை. பிடிவாதம், பதற்றம் போன்றவற்றைக் குறைக்கச் சில மனச்சோர்வு மருந்துகள் தரப்படுகின்றன. மற்றது வீட்டு ஏற்பாடுதான். முகம் பேசாததை வாயால் சொல்லிவிட வேண்டும்: "எனக்கு வருத்தமா இருக்கு. பக்கத்துல உட்காருங்க." எளிய, பழகிய சொற்கள் மற்றவற்றைவிட அதிக காலம் தங்கும். வங்கிக் கணக்கு, கையெழுத்து விவகாரங்களை அவருக்குப் புரியும்போதே ஒழுங்குபடுத்திக்கொள்வது நல்லது. பிறர் முகத்தில் ஆபத்தைப் படிக்க முடியாதவரை ஏமாற்றுவது சுலபம். வாக்குவாதம் வீண். 1992ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. போன்ற அமைப்புகள், கவனித்துக்கொள்பவர்கள் மனம்விட்டுப் பேச இடம் தருகின்றன.

மருத்துவர்களும் செலவில்லாத ஒரு காரியம் செய்யலாம். 'பெயர் மறக்கிறது' என்று ஒருவர் வரும்போது, தேதி கேட்டு முடித்த கையோடு அவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரவைத்துவிட்டு மனைவியிடம் தனியாகக் கேட்கலாம்: "நீங்க அழுதா அவர் என்ன பண்றார்மா?"