கலைஞர்க்கு நிவந்தம்: அரசின் கடன் பற்றிய ஓர் ஆய்வு

கலைகளைப் புரத்தற்கு மாநில அரசு பொதுப்பொருளைச் செலவிடல் தகுமா என்னும் வினா அவ்வப்போது எழுகின்றது. கல்விக்கும் மருத்துவத்திற்கும் போதாத பொருளை இசைக்கும் கூத்திற்கும் ஈதல் எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். சுவைப்போர் தரும் பொருளாலேயே கலை வாழ்தல் வேண்டும் என்பது அன்னோர் கருத்து. தமிழகக் கலை வரலாறு இக்கருத்திற்கு அரண் செய்யவில்லை என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாம்பரத்தை அடுத்த திருநீர்மலை, பூதத்தாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் பாடப்பெற்ற தலம். இத்தகைய தலங்களைப் பாடிய பாசுரங்கள் ஆயிரம் ஆண்டுகளாக ஓதப்பெற்று வருதற்குப் பத்தி ஒன்றே காரணமன்று. ஓதுவார்க்கு நெல்லும் நிலமும் நிவந்தமாக விடப்பட்டமையும் காரணமாம்.

இந்நிவந்தத்தின் இயல்பைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் தெளிவுறக் காட்டுகின்றன. முதல் இராசராசன் அங்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் பெறும் ஒரு பங்கும் அளித்தான். இவர்க்கு மட்டும் ஆண்டொன்றிற்கு 40,000 கலம் ஆயிற்று. திருப்பதியம் பாடுவார் 48 பேரும் உடன் முழக்குவார் இருவரும் நாளொன்றிற்குத் தலைக்கு மூன்று குருணி பெற்றனர். 12 குருணி ஒரு கலம் ஆதலின், இஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கலமாகும். பின்னர் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடிக்கும் சாந்திக்கூத்தற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் விடப்பட்டது.

ஈண்டு உளங்கொளத்தக்கன மூன்று. முதலாவது, கொடையின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டது. கலைஞர் ஆண்டுதோறும் இரந்து நிற்க வேண்டுவதில்லை. இரண்டாவது, பங்குடையார் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அப்பணி அறாதவாறு, அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும் எனப்பட்டது. மூன்றாவது, அவ்வுறவினர் தகுதியிலராயின் தக்காரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும். உறவினர் இல்வழி, அப்பணியினரே தக்காரைத் தேர்ந்தனர். பொருள் தருவான் அரசன். தகுதி காண்பார் கலைஞர். அரசு பொருள் தரின் கலை அதற்கு அடிமையாகும் என்று அஞ்சுவார்க்கு இதுவே விடையாம். பிரிட்டனில் 1946இல் தோன்றிய கலைக்கழகமும், அரசுப் பொருளைப் பெற்றுத் தானே பகிர்ந்தளிக்கும் அமைப்பாகவே நிறுவப்பட்டது. இவ்வாறு கூறுதலால் பழைய முறை முழுவதையும் போற்றுவதாகக் கொள்ளற்க. தேவதாசி முறை 1947இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, அது நன்றே.

இந்நெல் பெரும்பாலும் ஊர்கள் செலுத்திய காணிக்கடன். எனவே அஃது அக்காலத்துப் பொதுப்பொருளே. 1948, 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜமீன்களையும் இனாம்களையும் ஒழித்தன. அச்சீர்திருத்தம் நேரிது. ஆயின் பழைய புரவலர் நீங்கிய இடத்தில் கலைஞர்க்குரிய கடன் மட்டும் தானே நீங்கிவிடாது. அஃது அரசையே சாரும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையும் நாடகத்தை மாநிலப் பட்டியலின் 33ஆம் இனத்தில் வைத்துள்ளது.

மாநில அரசு இக்கடனை முற்றும் மறந்ததன்று. சென்னையில் 1949இல் அரசு இசைக் கல்லூரி தோன்றியது. 1955இல் மாநிலச் சங்கீத நாடகச் சங்கம் தோன்றிப் பின்னர் இயல் இசை நாடக மன்றமாயிற்று. எனினும் விருதும் முதுமை உதவியும் கலை வாழ்வின் இறுதியில் வருவன. நிவந்தமோ கலைஞர் பணியாற்றும் காலத்திற்கே உரியது.

திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. தொண்டை நாட்டு ஊர்கள் இவ்வாறு நகராகுங்கால், தலைக்கட்டு வரி தண்டித் தெருக்கூத்து நடத்தும் ஊர்க்கட்டு தளர்தல் இயல்பு. வாடகைக்குக் குடிபுகுந்தாரிடம் அவ்வரியைக் கேட்பார் யார்? அவரும் அரசுக்கு வரி செலுத்துவோரே. ஆதலின் அவ்வரியில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் குறையாத நிவந்தமாக வரையறுத்து, கலைவல்லார் குழுவின் வழியே பணிபுரியும் கலைஞர்க்கும் அவர்பால் பயிலும் மாணவர்க்கும் வழங்குதல் மாநில அரசின் கடனாகும். இது புதியதோர் ஈகையன்று. தமிழ்நாடு முன்னரே கல்லில் எழுதிவைத்த முறையாகும்.