உங்களுக்குத் தெரியுமா? ஒரு வாளிக்கு வைத்த நினைவுப் பலகை!

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சிற்றூர் பீவர்கிரீக். அதன் அருகே சாலையோர மரங்களுக்கிடையே 2003-ல் ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. போருக்கோ தலைவருக்கோ அல்ல, ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு!

அதன் பின்னணி இது: 2000 வரை, பாதுகாப்பைக் காரணம் காட்டி, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையோடுதான் அனுப்பிவந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரைகூடத் தள்ளிப்போகும். அதிபர் கிளின்டன் உத்தரவால் 2000 மே 2-ல் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் கறுப்பு வாளியொன்றை இங்கே பாதி புதைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகங்கள், கவண், ஒரு பீன்ஸ் டப்பா, குறிப்பேடு. ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. சில நாட்களிலேயே ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள்!

இப்படிப் பிறந்ததுதான் 'ஜியோகேச்சிங்' எனும் புதையல் வேட்டை. அந்த வாளி இன்று இல்லை. பீன்ஸ் டப்பா மட்டும் தப்பியது. உலகெங்கும் இப்போது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், குறிப்பேட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.