பழைய டீசல் காருக்கு ஏற்ற கியர் பெட்டி

நமது சங்கங்கள் சிலவற்றிலும் உறுப்பினர் சிலரது இல்லங்களிலும் பழைய டீசல் அம்பாசடர் கார்கள் இன்றும் உழைத்து வருகின்றன. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அவற்றின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆதலின் கியர் பெட்டி தேய்ந்துவிடின், பழைய நான்கு கியர் பெட்டியைச் செப்பனிடுவதா, பிற்கால வண்டிகளின் ஐந்து கியர் பெட்டியை ஏற்றுவதா என்னும் வினா எழுகிறது.

அண்மையில் நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வினாவுக்கு விரைந்து விடை கண்டிருந்தனர். ஐந்து கியர் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது; செலவுச் சீட்டுகளும் ஒழுங்காகவே இருந்தன. ஆயின் அவ்வண்டி துணி மூட்டைகளுடன் செல்வதோ மேடு பள்ளமான கிராமச் சாலையில். ஐந்தாவது கியரைப் போடும் வாய்ப்பே ஓட்டுநருக்கு அரிதாயிற்று. குற்றம் பெட்டியினுடையதன்று, தேர்ந்த முறையினுடையது.

கியர் பெட்டி ஆற்றலை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தருவதைச் சாலைக்கேற்ப மாற்றித் தருவதே அதன் தொழில். பழைய டீசல் அம்பாசடரின் 1489 க.செ.மீ. எஞ்சின் தருவது சுமார் 37 குதிரைத் திறனே. நான்காவது கியரில் எஞ்சினும் பெட்டியின் பின்தண்டும் ஒன்றுக்கு ஒன்றாகச் சுழலும். ஐந்தாவதன் விகிதம் 0.85 எனக் கொண்டால், நான்காவதில் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்ற எஞ்சின் அதே வேகத்தில் 2,550 முறையே சுழலும். இரைச்சல் குறையும், டீசலும் சற்று மிஞ்சும். ஆயின் சக்கரத்தைத் தள்ளும் விசையும் குறையும். சமதள நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் செல்வோர்க்கு இது நன்மை. சுமையுடன் மெதுவாகச் செல்லும் வண்டியை ஐந்தாவதில் ஓட்டினால் எஞ்சின் திணறும்.

மிச்சத்தையும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குப் பதில் 13 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது சுமார் 38 லிட்டர். அதன் விலையைப் பெட்டியின் விலையோடும் கூலியோடும் ஒப்பிடுக. நான்கு கியர் பெட்டியின் பற்சக்கரங்கள் நலமாயிருந்து, பேரிங்குகளும் சிங்க்ரோ வளையங்களும் மட்டுமே தேய்ந்திருப்பின் செப்பனிடுதலே சிக்கனம்.

ஐந்து கியரே தக்கது என முடிவாயின், பணம் கொடுக்குமுன் மூன்றைச் சரிபார்த்தல் வேண்டும். முதலாவது, பெட்டியின் முகப்பு எஞ்சினோடு பொருந்துகிறதா, முன்தண்டின் பற்கள் கிளட்ச் தட்டுக்குள் அமர்கின்றனவா என்பது. இரண்டாவது, பெட்டியின் நீளம். அது மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவு திருத்திச் சமனிட வேண்டும். மூன்றாவது, கியர் கம்பி வரும் இடம். ஸ்டியரிங் அருகே கைப்பிடி உள்ள வண்டியாயின் தரையில் வழி திறக்க நேரும். எஞ்சினையும் சேர்த்து மாற்ற எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதியின்றி அதில் கைவைத்தலாகாது.

பழைய பெட்டியை வாங்குவோர் அதனை ஐந்தாவது கியரில் இட்டு, இரு தண்டுகளிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, முன்தண்டைக் கையால் 17 முறை சுழற்றுக. பின்தண்டு 20 முறை சுழன்றால் விகிதம் 0.85 ஆகும். எண்ணெயை வடிக்கையில் பற்களின் சில்லுகள் காணப்படின் அப்பெட்டியை வாங்கற்க.

நூலின் நம்பரைப் பாராது அச்சைத் தேரும் நெசவாளர் இலர். அவ்வாறே எஞ்சினின் வலிமையையும் ஓடும் சாலையையும் முதலில் எழுதி வைத்து, அதன் பின்னரே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். செலவாவது உறுப்பினர் பணம் என்பதை நாம் மறத்தலாகாது.