கப்பலைக் கைது செய்யும் நீதிமன்றம்: அமர்ந்தவர்களும் அழைக்கப்படாதவர்களும்



ஆற்காட்டிலிருந்து கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடும் தோல் கப்பலேறினால்தான் காசாகிறது. எனவே கப்பலுக்கு நீதி சொல்லும் இடம் நமக்கு அந்நியமான இடமல்ல. அந்த இடத்தின் பெயர் அட்மிரால்டி நீதிமன்றம், அதாவது கடல்சார் வழக்குகளுக்கான நீதிமன்றம். அதில் யார் நீதிபதியாக உட்கார்ந்தார்கள், அவர்களை யார் நியமித்தார்கள், யாருடைய வழக்கு அங்கே வழக்காக மதிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளை மட்டும் இந்த நினைவுப் பொழிவில் எடுத்துக்கொள்கிறேன்.

1683இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு சாசனம் கொடுத்தார். கம்பெனி விரும்பிய இடங்களில் கடல் வழக்கு நீதிமன்றம் அமைக்கலாம். அதில் மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவர் சிவில் சட்டம் படித்தவர், மற்ற இருவர் வணிகர்கள். மூவரையும் நியமிப்பது கம்பெனி. இங்கே சிவில் சட்டம் என்றால் இன்று நாம் சொல்லும் உரிமையியல் அல்ல, ரோமானியச் சட்ட மரபு. ஐரோப்பியக் கடல் வணிகம் அந்த மரபில்தான் நடந்தது.

எதற்காக இந்த அவசரம்? கிழக்கு நாடுகளோடு வணிகம் செய்யும் ஏகபோகம் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது. அதை மீறித் தனியாகக் கப்பல் ஓட்டிய ஆங்கிலேயர்களின் கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்ய ஒரு சட்ட முத்திரை தேவைப்பட்டது. வாதி கம்பெனி, நீதிபதியை நியமிப்பதும் கம்பெனி. இப்படிப்பட்ட பஞ்சாயத்து நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

சென்னையில் இந்த நீதிமன்றம் 1686இல் தொடங்கியது. 1687இல் சர் ஜான் பிக்ஸ் என்ற சட்ட அறிஞர் தலைமை நீதிபதியாக, அன்றைய பெயரில் ஜட்ஜ் அட்வகேட்டாக, வந்தார். 1688இல் மேயர் நீதிமன்றம் திறக்கப்பட்டபோது அதன் ரெக்கார்டர் பதவியும் அவருக்கே போனது. மேயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டிய இடம் அட்மிரால்டி நீதிமன்றம். கீழே ஆலோசனை சொன்னவரே மேலே அப்பீல் கேட்கும் ஏற்பாடு. 1689இல் அவர் இறந்தார். 1692இல் ஜான் டால்பன் வந்தார். லஞ்சக் குற்றச்சாட்டில் 1694இல் நீக்கப்பட்டார். அதன்பின் அமர்ந்த வில்லியம் ஃப்ரேசர் வணிகர், சட்டம் படித்தவர் அல்ல. 1704 வாக்கில் நீதிமன்றம் கூடுவதே நின்றுபோனது. கம்பெனிக்கு வேண்டியபோது திறந்து, வேண்டாதபோது சாத்திவைத்த கடை அது.

மேயர் நீதிமன்றத்தின் 12 ஆல்டர்மேன்களில் உள்ளூர்ப் பெருவணிகர்களுக்கும் இடம் கிடைத்தது. ஆட்சி வெள்ளைக்காரர் கையில், ஆசனம் அவர்களுக்கு மட்டும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பணமும் சாதித் தகுதியும் உள்ள தமிழர், தெலுங்கர் அந்த மேசைக்கு அழைக்கப்பட்டார்கள். அழைக்கப்படாதவர் யார் என்பதே சமூகவியல் கேட்க வேண்டிய கேள்வி.

அதே 1687இல், பஞ்ச காலத்தில், அதே கோட்டையின் துறையிலிருந்து ஒரே மாதத்தில் குறைந்தது 665 மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டில் கோட்டை நிர்வாகம் தடை விதித்தது. பஞ்சத்தில் முதலில் விற்கப்படுவது யார் என்று இந்த அரங்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் நீதிமன்றம் கோட்டைக்குள்ளேயே இருந்தது. சிவில் சட்ட வல்லுநரும் இருந்தார். ஆனால் கப்பலில் ஏற்றப்பட்ட மனிதன் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குச் சரக்கு. சரக்கு வழக்குப் போடாது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1801இல் சென்னையில் உச்ச நீதிமன்றம், அதாவது அன்றைய சுப்ரீம் கோர்ட், வந்தது; சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் தலைமை நீதிபதி; கடல் வழக்கும் அவர்கள் கைக்குப் போனது. 1862இல் அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1890இல் லண்டன் நாடாளுமன்றம் காலனிகளின் கடல் நீதிமன்றங்களுக்கு ஒரு சட்டம் செய்தது. 1891இல் இந்தியச் சட்டம் ஒன்று சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களை அந்தப் பட்டியலில் சேர்த்தது. நீதிமன்றம் இங்கே, ஆனால் நடைமுறை விதிகளை எழுதினால் அரசியின் ஆலோசனை மன்றம் ஒப்புதல் தர வேண்டும், கடைசி அப்பீலும் அங்கேதான். அதிகார வரம்பு 1890இல் இங்கிலாந்தில் இருந்த அளவோடு உறைந்துபோனது. இங்கிலாந்து பின்னர் தன் சட்டத்தை விரித்துக்கொண்டது. நாம் சுதந்திரம் வாங்கி நாற்பது ஆண்டுகள் தாண்டியும் பழைய அளவிலேயே நின்றோம். 1992இல் எம்.வி. எலிசபெத் என்ற கப்பல் வழக்கில்தான், காலனியச் சட்டம் நம் உயர் நீதிமன்றங்களைக் கட்டிப்போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1890, 1891 சட்டங்களை நீக்கிய புதிய அட்மிரால்டி சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது.

இப்போது இந்த நீதிமன்றத்தின் விசித்திரமான சக்திக்கு வருவோம். இங்கே கப்பலே பிரதிவாதி. முதலாளி கிரேக்கத்தில் இருக்கலாம், பனாமாவில் பதிவு செய்திருக்கலாம். கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்றால் அதைக் கைது செய்யலாம். பிணை கட்டாவிட்டால் ஏலம் விடலாம். ஏலத் தொகையில் யாருக்கு முதல் பங்கு? இன்றைய சட்டத்தின் 9ஆம் பிரிவு முன்னுரிமை வரிசையைச் சொல்கிறது. முதலிடம் கப்பல் ஊழியர்களின் சம்பளப் பாக்கிக்கு. அடுத்தது உயிரிழப்பும் காயமும். துறைமுகக் கட்டணம்கூட இவற்றுக்குப் பின்னால்தான். மாலுமியின் கூலி கப்பலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கடன். கப்பல் கைமாறினாலும் அது கூடவே போகும். தொழிலாளியின் கூலியைப் பொருளின் மீதே ஏற்றிவைத்த பழைய ஏற்பாடு இது. நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு மாலுமிக்கு மட்டும். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பனில் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து போன கப்பல்களின் பயணியர் பட்டியல்களில் ஊர்ப் பத்தியில் வட ஆற்காடு என்றும் சாதிப் பத்தியில் பறையர் என்றும் எழுதிய பெயர்கள் நிறைய. அவர்கள் மாலுமிகள் அல்ல, சட்டத்தின்படி ஒப்பந்தம் கட்டிய பயணிகள். அவர்களின் குறையைக் கேட்கக் கடல் நீதிபதி அமரவில்லை. புலம்பெயர்வோர் பாதுகாவலர் என்ற நிர்வாக அதிகாரி இருந்தார். ஒரே கப்பலில் இரண்டு வகை உழைப்பாளிகள். ஒருவர் கூலிக்காகக் கப்பலையே நிறுத்த முடியும், மற்றவர் மனுக் கொடுக்கலாம். அந்தத் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. நீதிமன்றப் படிக்கட்டில் நமக்குக் கிடைத்த இடம் அது.

இருக்கைக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர், 1870களின் பிற்பகுதியில். நம் திருப்பத்தூர் வட்டாரத்திலிருந்து போன ஏ. வரதராஜன் அதே மன்றத்தில் நீதிபதியானது 1973இல். 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். நடுவில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள். பழங்கதை என்று விடவும் முடியாது: 2018 முதல் 2023 ஜூலை வரை நாடெங்கும் உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 18 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அன்று கம்பெனி தன் ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. இன்று நீதிபதிகள் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2017 சட்டத்தின் கீழ், துறை அறிவுள்ள மதிப்பீட்டாளர்களின் பட்டியலை ஒன்றிய அரசு வைத்திருக்கலாம்; நுட்பமான கேள்விகளில் அவர்கள் நீதிபதிக்கு உதவுவார்கள். 1683இன் இரண்டு வணிகர்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பட்டியலில் துறைமுகச் சுமைத் தொழிலாளியின் அறிவு அறிவாகக் கருதப்படுமா?

ஆம்பூரிலிருந்து போன தோல் கப்பலில் நனைந்து கெட்டால் ஏற்றுமதியாளர் கப்பலைக் கைது செய்ய வழக்குப் போடலாம். சரக்குச் சேதம் கடல் உரிமைக்கோரல். அதே தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் பதனிட்டவருக்குச் சம்பளம் பாக்கி என்றால் அந்தத் தோலை அவர் நிறுத்த முடியாது. ஆலை திவாலாகி விற்கப்பட்டால் வரிசையில் ஓரிடம் உண்டு, அதுவும் பதிவேட்டில் பெயர் இருந்தால். வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாறு வழக்காடு பொருளானது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்தார்கள். கப்பலில் நடந்திருந்தால் அந்த உயிரிழப்பு முன்னுரிமை வரிசையில் இரண்டாம் இடம்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்த 9ஆம் பிரிவை எடுத்து, அதன் பக்கத்தில் தோல் தொழிலாளியின் சம்பளச் சட்டத்தை வைத்து வரிவரியாகப் படியுங்கள். கூலிக்குப் பொருளின் மீது பற்று இருக்க முடியும் என்று ஒரு சட்டம் முந்நூறு ஆண்டு மரபோடு ஒப்புக்கொள்கிறது. கரையில் அது ஏன் நின்றுவிடுகிறது என்பதற்கு நம் சங்கங்கள் இன்னும் ஒரு மனுக்கூட எழுதவில்லை.