தொலைமருத்துவமும் ஊவாத் தோட்டங்களும்: முதலீடு பற்றிய சில குறிப்புகள்

தொலைமருத்துவம் என்னும் சொல் கொவிட் தொற்றுக் காலத்துக்குப் பின்னர் இலங்கையிலும் பழகிய சொல்லாகிவிட்டது. நோயாளி ஓரிடத்திலும் வைத்தியர் வேறோரிடத்திலும் இருக்க, தொலைத்தொடர்புச் சாதனங்களின் துணையுடன் நோயை ஆராய்தலும் சிகிச்சை கூறுதலும் இதனாற் சுட்டப்படுகின்றன. வைத்தியர் குறைந்த, பாதை கடினமான பிரதேசங்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றதென்பது பொதுவான கருத்து. அவ்வாறாயின் பதுளை மாவட்டத்துப் பெருந்தோட்டங்களைவிட இதற்கு ஏற்ற களம் வேறொன்று இராது. ஆயினும், இதனை ஒரு புதிய தொழில்நுட்பத்தின் வருகையாக மட்டும் நோக்குவோர், தோட்ட மக்களின் வைத்திய வரலாற்றைக் கவனியாது விடுகின்றனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்கிய பின்னரே முதலீடு பற்றிய வினாவுக்கு வருதல் பொருத்தமாகும்.

கோப்பிப் பயிர்ச்செய்கை உச்சத்திலிருந்த காலத்தில், 1872ஆம் ஆண்டிலே, வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக மடிந்தமை உழைப்பு வழங்கலைப் பாதித்ததால் எழுந்த சட்டம் அது. பின்னர் 1912இல் இச்சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. இச்சட்டங்களால் நன்மை விளையவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. ஆனால் இவற்றினூடாக உருவான அமைப்பு, நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பிலிருந்து பிரிந்து, தோட்ட நிருவாகத்தின் கையில் தங்கிய ஒன்றாகும். துரையின் அனுமதிச் சீட்டும், டிஸ்பென்சரியின் கலவை மருந்துப் போத்தலும் அதன் அடையாளங்களாயின. சுதந்திரத்தின் பின் ஏனைய கிராமங்களுக்கு அரசின் இலவச வைத்தியம் விரிந்தபோது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையையும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையையும் இழந்திருந்த மக்கள் அதற்காகக் குரலெழுப்பும் அரசியற் பலம் அற்றிருந்தனர். 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றதாயினும் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. இன்றும் பல தோட்டங்களில் நோயாளி முதலிற் காண்பவர் பட்டம் பெற்ற வைத்தியரல்லர். தோட்ட மருத்துவ உதவியாளரே. மக்கள் அவரையே ‘டாக்டர் ஐயா’ என அழைக்கின்றனர்.

இப்பிரிவினையின் விளைவைப் புள்ளிவிவரங்களிற் காணலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதத்தினர், தோட்டத்துறையில் 31.7 வீதத்தினர். நாட்டின் சுகாதாரச் சாதனைகளை உலகுக்கு எடுத்துக்காட்டும் ஆய்வுரைகளிலே இவ்விரண்டாவது எண் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகின்றது.

இனி, தூரம் என்பது என்ன என நோக்குவோம். மடுல்சீமையிலோ நமுனுகுலைச் சரிவிலோ வாழும் ஒருவருக்கு உயர் குருதி அழுத்தம் இருப்பின், மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லவேண்டும். விசேட வைத்தியரைக் காண்பதாயின் பதுளை பெரியாஸ்பத்திரியே வழி. மேற்பிரிவு லயத்திலிருந்து பாதைக்கு இறங்கி, பசறைக்கு வந்து, அங்கிருந்து பதுளைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மருந்து பெற்றுத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அன்று பிரட்டுக்களத்தில் அவருக்குப் பேர் இல்லை. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளத்தைக் கொண்டு எளிய கணக்கொன்றைப் போடலாம். 1,350 ரூபா வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் இழப்பின் 16,200 ரூபா. இதிற் பாதித் தடவைகள் தோட்டத்திலேயே முடிந்தால், ஒருவருக்கு 8,100 ரூபா மீதியாகும். ஒரு பிரதேசத்தில் இத்தகையோர் 500 பேர் எனக் கொண்டால், ஆண்டொன்றுக்கு 40 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பஸ் கட்டணமும் ஓட்டோக் கூலியும் இதற்குப் புறம்பு. ஓய்வு பெற்ற முதியவருக்குச் சம்பள இழப்பு இல்லையென வாதிக்கலாம். ஆனால் அவரைக் கூட்டிச் செல்லும் மகளுக்கு இழப்பு உண்டு. இலவச வைத்தியத்தின் விலையை நோயாளியின் வீட்டுக் கணக்கிலே தேடவேண்டியிருப்பதை இது காட்டுகின்றது. அரசின் வரவுசெலவுத் திட்டம் இச்செலவை அறியாது; ஆதலாற் தொலைமருத்துவத்தாற் கிடைக்கும் மீதமும் அதற்குத் தெரிவதில்லை.

வைத்தியரின் குரலைத் தொலைவுக்கு அனுப்புதல் அண்மைக்காலக் கண்டுபிடிப்பன்று. அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் 1928இல் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை, அடுத்த ஆண்டிலேயே காலால் மிதித்து மின்னுற்பத்தி செய்யும் வானொலியைப் பயன்படுத்தத் தலைப்பட்டது. அல்பிரட் டிரேகர் என்பார் அமைத்த அக்கருவியால் தனித்த பண்ணைகள் வைத்தியருடன் பேசமுடிந்தது. ஆயினும் பேச்சு மட்டும் போதாதென்பது விரைவிற் புலனாயிற்று. 1942 முதல் மருந்துகளுக்கு இலக்கமிடப்பட்ட பெட்டிகள் பண்ணைகளில் வைக்கப்பட்டன. இன்ன இலக்க மருந்தை இத்தனை கொடு என வைத்தியர் கூற, அங்குள்ளவர் பெட்டியைத் திறந்து கொடுத்தார். மறுமுனையில் மருந்தும், அதனைக் கொடுக்கும் கையும் இல்லாவிடின் வானொலியாற் பயனில்லை என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் நிறுவிய பார்வை மையங்களும் இதே நெறியிலமைந்தவை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படமும் விவரமும் அனுப்ப, மருத்துவமனையிலுள்ள வைத்தியர் நோயாளியுடன் பேசி முடிவு கூறுகின்றார். மூக்குக்கண்ணாடி போன்ற எளிய தேவைகள் அங்கேயே நிறைவேறுகின்றன. சத்திரசிகிச்சை வேண்டியவரே பயணஞ் செய்கின்றார். இந்திய அரசு 2019இல் ஆரம்பித்த இ-சஞ்சீவனித் திட்டம் 2023இன் தொடக்கத்தில் பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்தது. அதன் ஒரு பிரிவு வீட்டிலிருப்போர் நேரடியாகப் பேசுவது. மற்றது கிராமச் சுகாதார நிலையத்துப் பணியாளரின் துணையுடன் பேசுவது. தோட்டங்களுக்கு உகந்தது இவ்விரண்டாவதேயாம்.

இலங்கையிலே தனியார் நிறுவனங்கள் கைத்தொலைபேசிச் செயலிகள் மூலம் இச்சேவையை விற்கின்றன. அதற்கு நல்ல தொலைபேசி, இணையக் கொடுப்பனவு வசதி, வைத்தியருக்குரிய கட்டணம், மருந்தை விலைக்கு வாங்கும் பணம் ஆகிய யாவும் வேண்டும். ஆகவே அது நகரத்து நடுத்தர வகுப்பாரின் வசதியாகவே வளர்ந்தது. இது குற்றமன்று, சந்தையின் இயல்பு அத்தகையது. அதனைக் காட்டித் தோட்டத்துக்கும் வைத்தியம் வந்துவிட்டதென்று கூறுவதே தவறாகும். வானத்திலிருந்து இணையம் வழங்கும் கூகிளின் லூன் திட்டமும் ஒருகாலத்திற் பெரிதாகப் பேசப்பட்டது. 2016 பெப்ரவரியில் அதன் பரிசோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலே வந்திறங்கியது. தோட்ட மக்கள் கண்ட லூன் அவ்வளவே. 2021இல் அந்நிறுவனம் தன் திட்டத்தையே முடித்துக்கொண்டது.

எந்நோய்களுக்கு இம்முறை உதவும் என்பதையும் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். நீரிழிவு, குருதி அழுத்தம் ஆகியவற்றின் தொடர் கண்காணிப்பு, தோல்நோய், விழித்திரைப் படம், இருதய மின்வரைபடத்தை அனுப்பி ஆலோசனை பெறுதல் ஆகியவற்றுக்குப் பெரிதும் உதவும். பிரசவத்தின் பின் குருதி பெருகும் தாய்க்குத் திரையிலே தோன்றும் வைத்தியர் எதனையும் செய்யவியலாது. அவளுக்கு வேண்டியது வாகனமும் குருதியும் சத்திரசிகிச்சைக் கூடமுமாகும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் அருமை இத்தகைய வேளையிலே தெரிகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு நிலை குளவிக்கொட்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டாகக் கொட்டப்படுவது மலையகத்தில் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. ஒவ்வாமையால் மூச்சுத் திணறுபவருக்கு அட்ரினலின் ஊசி உடனடியாக ஏற்றப்படவேண்டும். டிஸ்பென்சரியில் அம்மருந்து இருந்து, அதனை ஏற்றப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இருந்து, ஐயம் நேர்ந்தவிடத்து உடனே பேசக்கூடிய வைத்தியரும் மறுமுனையில் இருப்பாராயின், ஓர் உயிர் பிழைக்கும். இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் சாதாரணத் தொலைபேசியே.

மொழிப் பிரச்சினையைத் தனியே எடுத்துக் கூறவேண்டும். தொட்டும் தட்டியும் பார்க்கும் வாய்ப்பு இல்லாதபோது வைத்தியருக்கு எஞ்சும் பிரதான சான்று நோயாளியின் சொல்லாகும். “நெஞ்சு கரிக்குது” என்பதும் “நெஞ்சு அடைக்குது” என்பதும் வெவ்வேறு நோய்களைச் சுட்டக்கூடியன. “கிறுகிறுப்பு” வேறு, “ஓய்ச்சல்” வேறு. தமிழறியாத வைத்தியரிடம் இவை யாவும் இடையில் நிற்கும் ஒருவரின் அரைகுறைச் சிங்களத்தில் ஒரே சொல்லாகச் சுருங்கிப்போவதுண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1999இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சில பிரதேசப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. கிளினிக்கின் மேசைக்கு அப்பிரகடனம் இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. இங்கே தொலைமருத்துவத்துக்கு எவரும் அதிகம் பேசாத ஓர் அனுகூலம் உண்டு. பதுளையில் தமிழ் பேசும் விசேட வைத்தியர் ஒருவர் இல்லாவிடினும், 1978இல் மருத்துவ பீடம் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவர், வாரத்தில் இரு பிற்பகல்களை லுணுகலைக்கு ஒதுக்குதல் இயலும். மாகாண எல்லைகளைத் தாண்டி நேரத்தைப் பகிர்வதற்கு நிருவாக ஒழுங்கு ஒன்றே தேவை.

உளநலச் சிகிச்சைக்குத் தொலைபேசி சிறந்ததென நூல்கள் கூறும். நூலெழுதியோர் லயக் காம்பிராவைக் கண்டிலர் போலும். ஒரே சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழுமிடத்தில், கணவனின் குடியையும் அடியையும் பற்றி ஒரு பெண் எங்கிருந்து பேசுவாள்? கதவு பூட்டக்கூடிய அறையொன்று இத்திட்டத்தின் முதலீட்டுப் பட்டியலில் கருவிகளுக்கு முன்னே வைக்கப்படவேண்டும்.

முதலீடு செய்யவேண்டியவர் யார் என்ற வினா இன்னும் சிக்கலானது. பதுளைப் பெரியாஸ்பத்திரி மத்திய சுகாதார அமைச்சின் கீழுள்ளது. பிரதேச வைத்தியசாலைகள் ஊவா மாகாண சபையின் கீழுள்ளன. தோட்ட டிஸ்பென்சரி கம்பனிக்குரியது. ஒரு நோயாளியின் குறிப்பேடு இம்மூன்று உடைமைகளையும் கடந்து செல்லவேண்டும். பதுளையில் எழுதப்பட்ட மருந்தைக் கம்பனியின் ஊழியர் எச்சட்டத்தின் கீழ் வழங்குவார், தவறு நேரின் பொறுப்பாளி யார், மருந்துக்குரிய செலவு எக்கணக்கில் விழும் என்பன தீர்க்கப்படாமற் கணனிகளை வாங்கி இறக்குவது பெட்டிகளை வாங்கி இறக்குவதேயாகும். 2020இல் முடக்கக் காலத்தில் கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டமை, அரச திணைக்களங்கள் விரும்பின் ஒன்றுசேர முடியும் என்பதற்குச் சான்று. மின்சாரத்தையும் நம்பியிருக்கவியலாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை நாடு அனுபவித்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தமையையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலாற் பதுளை மாவட்டம் பட்ட அழிவையும் அறிந்தோர், பாதை மூடும் வேளையிலே கம்பமும் சாயும் என்பதையும் அறிவர். மின்கலமும், சூரியத் தகடும், ஒரு மாதத்துக்கான மருந்துக் கையிருப்பும் அலங்காரச் செலவுகளல்ல.

இன்னோர் ஐயமும் உண்டு. தொலைமருத்துவம் வந்துவிட்டதைக் காரணங்காட்டி, தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் கடமையும் வைத்தியரை நியமிக்கும் கடமையும் பிற்போடப்படலாம். 1872 முதல் தோட்டத்துக்கென வகுக்கப்பட்ட வைத்தியம் தனியானதும் மலிவானதுமாகவே இருந்து வந்துள்ளமையால் இவ்வையம் வீணானதன்று. ஆகவே, இத்திட்டத்தின் நிலையங்கள் கம்பனியின் நன்கொடையாக அன்றி, மாகாணச் சுகாதார சேவையின் அலகுகளாகவே தொடங்கப்படவேண்டும். தோட்ட இளைஞரும் யுவதியரும் பயிற்றப்பட்டு அரச சம்பளப் பட்டியலில் அங்கே அமர்த்தப்படவேண்டும். கிராமத்தவருக்கும் தோட்டத்தவருக்கும் ஒரே வரிசை இருக்கவேண்டும். மீரியபெத்தை நிகழ்ந்த ஹல்துமுல்லைப் பிரிவிலும், பசறை, லுணுகலைப் பிரிவுகளிலும் தலா ஒரு நிலையமேனும் அமைத்து ஈராண்டு நடத்திப் பார்த்தல் பெருஞ்செலவாகாது.

அவ்வாறு நடத்தும்போது தொழிற்சங்கங்கள் முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டிய விடயம் ஒன்றுள்ளது. காலை பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி, டிஸ்பென்சரியில் வைத்தியருடன் பேசிவிட்டு, பதினொரு மணிக்கு மீண்டும் கூடையைத் தோளிலிடும் பெண்ணுக்கு அன்று முழுப்பேரா, அரைப்பேரா என்பதே அது. கூட்டு ஒப்பந்தத்திலோ சம்பளச் சபையின் தீர்மானத்திலோ அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இடம் ஒதுக்கப்படாதவிடத்து, அவள் வழமைபோல மாத முடிவில் பதுளைக்கு பஸ் ஏறுவாள், அல்லது ஏறாமலே விடுவாள்.