கம்பியில்லாப் பேச்சு – 17: திருப்புளி நுழையாத ரேடியோ

பழைய வாக்கி-டாக்கியைச் சரிசெய்ய ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மீட்டர், ஒரு பிளாஸ்டிக் திருப்புளி இருந்தால் பாதி வேலை முடிந்தது. சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகைக் கால் சுற்று திருப்பினால் அதிர்வெண் நகரும். டிரிம்மரைத் தொட்டால் பவர் ஏறும், இறங்கும். டிஜிட்டல் ரேடியோவைத் திறந்தால் திருப்புவதற்கு ஒன்றும் இருக்காது. அந்தத் திருகுகளெல்லாம் ஃபிளாஷ் மெமரியில் வெறும் எண்களாகிவிட்டன. அவற்றைத் தொட கேபிள், கணினி, தயாரிப்பாளரின் சர்வீஸ் மென்பொருள் மூன்றும் வேண்டும்.

ரேடியோவுக்குள் மூன்று வகைத் தகவல்கள் தனித்தனியாக இருக்கின்றன. ரேடியோவை இயக்குவது ஃபர்ம்வேர். எந்தச் சேனலில் எந்த அதிர்வெண், எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று சொல்வது கோட்பிளக். மூன்றாவது, அந்த ஒரு ரேடியோவுக்கு மட்டுமே பொருந்தும் டியூனிங் எண்கள். மூன்றுக்கும் வெவ்வேறு மென்பொருள், அல்லது ஒரே மென்பொருளின் வெவ்வேறு பகுதிகள். பழுது எதில் என்று பிரித்துப் பார்க்காமல் கையை வைப்பதால்தான், நன்றாக இருந்த ரேடியோவும் கெடுகிறது.

கோட்பிளக் என்பது மோட்டரோலாவின் சொல். ரேடியோவின் அமைப்புகள் ஒரு சிறு செருகு துண்டாகவே இருந்த காலத்தின் மிச்சம் அது. துண்டு போய் மெமரி சிப் வந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அடுத்து வந்தது டாஸில் ஓடிய ஆர்எஸ்எஸ் மென்பொருள். அதன் நேரக்கணக்கு கணினியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டிருந்தது. வேகமான புதுக் கணினியில் ஓட்டினால் ரேடியோவுடனான பேச்சு நடுவில் அறுந்து, ரேடியோவே முடங்கிப்போகும். வேறு எதற்கும் உதவாத பழைய 386, 486 கணினிகளைச் சர்வீஸ் கடைகள் பொக்கிஷம்போல் காத்தது இதனால்தான்.

இன்றைய நிலைக்கு மோட்டரோலாவின் மோட்டோடர்போ வரிசை நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பியத் தர நிறுவனமான எட்சி வகுத்த டிஎம்ஆர் முறையில் இயங்குவது. அதன் கேபிளைக் கணினியில் செருகினால், ரேடியோ ஒரு நெட்வொர்க் கருவியாகத் தெரியும். வழக்கமான முகவரி 192.168.10.1. ‘ரேடியோ கிடைக்கவில்லை’ என்று மென்பொருள் சொன்னால் ரேடியோவைத் திறப்பதற்கு முன் கணினியின் ஃபயர்வாலைப் பார்ப்பது நல்லது. சீன ரேடியோக்களின் மலிவான கேபிள்களில் போலி யுஎஸ்பி சிப்பும் உண்டு. புதிய டிரைவர் அதை ஏற்க மறுத்துவிடும்.

சிபிஎஸ் எனப்படும் நிரலாக்க மென்பொருளில் முதல் வேலை ‘ரீட்’. படித்ததை ரேடியோவின் சீரியல் எண்ணும் தேதியும் போட்டுச் சேமித்த பிறகுதான் மற்றதெல்லாம். பேச்சு கேட்கவில்லை என்று வரும் டிஜிட்டல் ரேடியோவில் முதலில் பார்க்க வேண்டியவை இந்தத் திரையிலேயே இருக்கின்றன. 0 முதல் 15 வரையுள்ள கலர் கோட் ரிப்பீட்டருடன் பொருந்த வேண்டும். ஒரே சேனலை நேரத்தால் பகிரும் 2 ஸ்லாட்களில் சரியானதைத் தேர்ந்திருக்க வேண்டும். டாக் குரூப் எண் பெறும் பட்டியலில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், சிக்னல் வந்து விளக்கு எரியும். ஸ்பீக்கர் மட்டும் பேசாது. ஸ்பீக்கரைக் கழற்றி மாற்றிப் பயனில்லை.

ஒரு ரேடியோவின் கோட்பிளக்கை அதே மாடல் ரேடியோக்கள் இருபதுக்கு நகலெடுப்பது சில நிமிட வேலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண்ணைத் தனியாகத் தர வேண்டும். மறந்தால் இருபது பேரும் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

டியூனிங் வேறு உலகம். அதற்கென்று உள்ள டியூனர் மென்பொருள் ரேடியோவைச் சோதனை நிலைக்குக் கொண்டுபோகும். ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் கேபிள் வழியே சர்வீஸ் மானிட்டரில் இணைத்து, முதலில் ஆதார ஆசிலேட்டர், பிறகு பவர், பிறகு டீவியேஷன் என்று போக வேண்டும். ஆசிலேட்டர் பிசகினால் பின்னால் செய்ததெல்லாம் வீண்.

அந்தப் பிசகு எவ்வளவு இருக்கலாம்? டிஎம்ஆர் பேச்சு நான்கு நிலைகளாகப் போகிறது: நடு அதிர்வெண்ணுக்கு மேலும் கீழும் 648 ஹெர்ட்ஸ், 1944 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த நிலைகளுக்கு இடைவெளி 1296 ஹெர்ட்ஸ். அதில் பாதி, அதாவது 648 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே ஒரு நிலை இன்னொன்றாகத் தோன்றத் தொடங்கும். 450 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்பதே 450 ஹெர்ட்ஸ். பெறும் ரேடியோ ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் சிக்னல் மெலியும் இடத்தில் அந்தத் தாராளம் இருக்காது.

அனலாக் ரேடியோ இப்படி நகர்ந்தால் குரல் கரகரக்கும், காதே சொல்லிவிடும். டிஜிட்டலில் குரல் கடைசிவரை தெளிவாக இருந்து, திடீரென்று அறுந்துபோகும். ‘சில இடத்தில் மட்டும் கட் ஆகிறது’ என்ற புகாருக்கு ஆன்டெனாவும் பேட்டரியும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பிட் பிழை விகிதத்தை அளந்தால் காரணம் தெரிந்துவிடும். உணர்திறனை 5 சதவீதப் பிழை அளவில் சோதிப்பது வழக்கம்.

டியூனிங் எண்களை இன்னொரு ரேடியோவுக்கு நகலெடுப்பது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வதுபோல். ஒவ்வொரு போர்டின் உதிரி பாகங்களும் சற்றே வேறுபடுவதால்தான் அந்த எண்களே தேவைப்படுகின்றன.

ஃபர்ம்வேர் மாற்றும்போது முழு சார்ஜ் உள்ள பேட்டரி, ஆடாத கேபிள், மின்தடை பயமில்லாத கணினி: இவ்வளவுதான் சூத்திரம். ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளர்கள் பூட்டியே வைக்கிறார்கள். இருந்தும் டைட்டெரா எம்டி-380 என்ற மலிவான ரேடியோவின் பூட்டை டிராவிஸ் குட்ஸ்பீட் திறந்து, 2016-இல் அந்த வழியை வெளியிட்டார். ரோஜர் கிளார்க் வளர்த்தெடுத்த ஓப்பன்ஜிடி77, சில சீன ரேடியோக்களுக்கு மாற்று ஃபர்ம்வேரே தந்தது. இரண்டும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் உலகம். காவல், தீயணைப்பு ரேடியோக்களில் இந்தச் சோதனைக்கு இடமில்லை.

ரேடியோவின் எல்லைக்குள் எந்த அதிர்வெண்ணைப் போட்டாலும் மென்பொருள் ஏற்கும். உரிமம் இருக்கிறதா என்று கேட்காது. இந்தியாவில் அதைத் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. ஒதுக்காத எண்ணைப் போட்டால் மாட்டுவது உரிமையாளர்தான்.

கோட்பிளக்குக்குப் பாஸ்வேர்டும் போடலாம். தொலைந்த ரேடியோவிலிருந்து ரகசியம் போகாமலிருக்க அது தேவை. ஆனால் போட்டவர் கடைக்காரராக இருந்து, அவர் கடையை மூடிவிட்டால், சொந்த ரேடியோவில் ஒரு சேனலைச் சேர்க்கக்கூட உரிமையாளரால் முடியாது. ரேடியோவைத் திரும்ப வாங்கும் நாளிலேயே, பில்லுடன் கோட்பிளக் கோப்பின் நகலையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)